ஒரு பைசாத் தாளிலிருந்து கைப்பேசி வரை

செய்தி அறியாதவன் உரிமையை இழப்பான். செய்தி சொல்ல வழியற்றவன் தன் வரலாற்றையே இழப்பான். நம் கல்விச் சங்கம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில் இவ்வுண்மையை எண்ணிப் பார்த்தல் பொருத்தமாகும்.

கோவையில் கல்வி பயின்ற இரட்டைமலை சீனிவாசனார், 1893 அக்டோபரில் 'பறையன்' இதழைச் சென்னையில் தொடங்கினார். இழிவாக உரைக்கப்பட்ட பெயரையே தலைநிமிர்ந்து சூட்டினார். நான்கு பக்கம், இரண்டணா விலை; மூன்றே திங்களில் அது வார இதழாயிற்று. 1907 சூன் 19 அன்று அயோத்திதாசப் பண்டிதர் இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' ஏட்டை வெளியிட்டார். மறு ஆண்டில் 'தமிழன்' எனப் பெயர் பெற்ற அவ்வேடு, கோலார் தங்கவயல் தொழிலாளரிடையே வேரூன்றியது. 1920 இல் அண்ணல் அம்பேத்கர் பம்பாயில் 'மூக்நாயக்' தொடங்கியதும் இந்நோக்கம் பற்றியே. பிறர் ஏடுகளில் நமக்கு இடமில்லாதபோது நம் முன்னோர் தமக்கென ஏடு கண்டனர்.

எனினும் தாள் மக்கியது. 'பறையன்' இதழ்கள் இன்று காண்டற்கரியன. பண்டிதர் 1914 இல் மறைந்தார். அவர் எழுத்துகள் ஞான. அலாய்சியசு அவர்களால் பெருந்தொகுதிகளாய் வந்தது 1999 இல்தான். இடைப்பட்டவை 85 ஆண்டுகள்; எழுதியதைக் காத்து வைத்தலின் அருமையை இது உணர்த்துகிறது.

இன்று நூற்பாலைக்கும் பனியன் கம்பெனிக்கும் செல்லும் மடத்துக்குளம் வட்டாரத் தொழிலாளியின் சட்டைப்பையிலேயே உலகச் செய்தி தங்குகிறது. சாதிச் சான்று, பட்டா, கல்வி உதவித்தொகை யாவும் இணையவழி வந்துவிட்டன. 2005 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கேட்கும் உரிமையையும் தந்துள்ளது. ஆயினும் கருவி வேறு, வாய்ப்பு வேறு. 2020 இல் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டபோது, வீட்டிலிருந்த ஒரே கைப்பேசி தந்தையோடு வேலைக்குச் சென்றுவிட, பாடமின்றி இருந்த பிள்ளைகள் பலர். கல்வித் தொலைக்காட்சி ஓரளவே ஈடு செய்தது. இன்றும் ஓடிபி எண் தந்தையின் கைப்பேசிக்கு வர, மகள் கணினி மையத்தில் காத்து நிற்கிறாள். விண்ணப்ப நாளோ காத்து நிற்பதில்லை.

ஆதலின் சங்கம் செய்யத்தக்கன மூன்று. மாலைதோறும் விண்ணப்பங்களுக்கு உதவும் கணினி ஒன்றை அமைத்தல். வந்த செய்தி மெய்யா பொய்யா என ஆராய இளைஞரைப் பழக்குதல். நம் துண்டறிக்கைகளையும் நிழற்படங்களையும் முதியோர் வாய்மொழியையும் படியெடுத்து ஈரிடங்களில் காத்தல்.

நாம் படிப்போராய் மட்டுமின்றி எழுதுவோராயும் காப்போராயும் விளங்குவோமாக. பொன்விழா மலர் எழுதுவோர்க்கு நம் காலத்துச் சான்றுகள் குறைவறக் கிடைக்கட்டும்!