நோயாளர் வெளியேறாத இடிப்பு: இலண்டன் புனித பர்த்தலமேயு மருத்துவமனையின் பதினெட்டாம் நூற்றாண்டு மறுகட்டுமானம்

முன்னுரை

மருத்துவமனைக் கட்டடங்களின் வரலாறு பெரும்பாலும் புதிதாக எழுந்தவற்றின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. அடிக்கல் நாட்டிய நாள், வரைபடம் வகுத்தவரின் பெயர், திறப்பு விழா ஆகியவை பதிவாகின்றன. அதே இடத்தில் முன்பு நின்ற கட்டடம் எவ்வாறு அகற்றப்பட்டது, அப்போது நோயாளர் எங்கே கிடந்தனர் என்ற வினா ஓரிரு வரிகளில் கடந்து செல்லப்படுகிறது. மருத்துவமனையைப் பொறுத்தவரை இது சிறிய வினா அன்று. பள்ளிக்கு விடுமுறை விடலாம். அலுவலகத்தை வாடகை இடத்துக்கு மாற்றலாம். படுக்கையை விட்டு எழ இயலாதவர்கள் நிறைந்த இடத்தை அவ்வளவு எளிதாக ஒழித்துவிட இயலாது. எனவே பழைய மருத்துவமனைகள் பலவும் இயங்கிக்கொண்டே தம்மைப் பகுதி பகுதியாக இடித்துக்கொண்டன. இந்தக் கட்டாயம் கட்டடத்தின் வடிவத்தையே தீர்மானித்திருக்கக்கூடும் என்பதை இலண்டன் புனித பர்த்தலமேயு மருத்துவமனையின் மறுகட்டுமானத்தைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

பழைய வளாகம்

இலண்டன் நகர மதிலின் வடமேற்கே, ஸ்மித்ஃபீல்டு கால்நடைச் சந்தையை ஒட்டி இம்மருத்துவமனை 1123இல் ரேஹியர் என்பவரால் நிறுவப்பட்டது. எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்தபோது வருவாய் இழந்து தவித்த இந்நிறுவனம், அவரது ஆட்சியின் இறுதியில் நகராட்சியின் பொறுப்பில் மீண்டும் நிலைபெற்றது. ஸ்மித்ஃபீல்டு பக்க வாயிலின்மீது 1702இல் வைக்கப்பட்ட அம்மன்னரின் சிலை இன்றும் நிற்கிறது. 1666ஆம் ஆண்டின் பெருந்தீ மருத்துவமனைக்கு மிக அருகில் வந்து நின்றுவிட்டது. கட்டடம் தப்பியது, ஆனால் வாடகை ஈட்டித் தந்த நகர வீடுகள் பல எரிந்துபோயின. மருத்துவமனையின் நிதிநிலையைப் புரிந்துகொள்ள இச்செய்தி இன்றியமையாதது. வாடகையாலும் கொடையாலும் வாழ்ந்த நிறுவனம் அது. அரசுக் கருவூலம் அதன் பின்னால் இல்லை.

பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவ்வளாகம் ஒரே கட்டடமாக இருக்கவில்லை. இடைக்கால நோயாளர் கூடங்கள், வாடகைக்கு விடப்பட்ட வீடுகள், முற்றங்கள், சந்துகள், திருக்கோயில் ஆகியவை நெருக்கியடித்து நின்ற சிற்றூர் போன்ற அமைப்பு அது. உண்மையிலேயே அது ஒரு தனித் திருச்சபைப் பங்காகவும் இருந்தது; சிறிய புனித பர்த்தலமேயு கோயில் வளாகத்துக்குள்ளேயே அமைந்திருந்தது. இவ்வாறு ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து நிற்கும் கட்டடங்களில் ஒன்றை இடிக்கும்போது அடுத்ததன் சுவரும் ஆட்டம் காணும். இடிப்பின் முதன்மைச் சிக்கல் இதுவே.

கிப்ஸின் வரைபடம்

1723இல் மருத்துவமனை ஆட்சிக்குழு உறுப்பினரான ஜேம்ஸ் கிப்ஸ் மறுகட்டுமானத் திட்டத்தை ஊதியம் பெறாமல் வகுத்தளித்தார். இலண்டனில் புனித மார்ட்டின் தேவாலயத்தை வடிவமைத்தவர் இவரே. சென்னை எழும்பூரில் 1821இல் திறக்கப்பட்ட புனித ஆண்ட்ரூ தேவாலயம் அதன் மாதிரியைப் பின்பற்றியது என்பதால், கிப்ஸின் கைவண்ணத்தின் சாயல் தமிழகத்துக்கும் புதியதன்று.

நடுவில் சதுர முற்றம், அதன் நான்கு பக்கங்களிலும் ஒன்றோடொன்று ஒட்டாத நான்கு நீண்ட கட்டடங்கள் என்பதே அவரது திட்டம். 1730 சூனில் வடக்குக் கட்டடத்துக்கு அடிக்கல் இடப்பட்டது; 1732இல் அது நிறைவுற்றது. தெற்குக் கட்டடம் 1740ஆம் ஆண்டளவிலும், மேற்குக் கட்டடம் 1750களின் முற்பகுதியிலும், கிழக்குக் கட்டடம் 1760களின் இறுதியிலும் முடிந்தன. கிப்ஸ் 1754இல் மறைந்தார். தாம் வரைந்த சதுரம் முழுமையுற்றதை அவர் காணவில்லை. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் நீண்ட இப்பணிக்காலம் முழுவதும் மருத்துவமனை இயங்கிவந்தது.

கட்டடங்கள் தனித்தனியே அமைந்ததற்குத் தீப்பரவலைத் தடுக்கும் நோக்கம் ஒரு காரணமாகலாம். பெருந்தீயின் நினைவு மாறாத நகரத்தில் அது இயல்பே. ஆயினும் கட்டப்பட்ட வரிசையை நோக்கினால் வேறொரு காரணம் வலுவாகப் புலப்படுகிறது. ஒரு கட்டடம் எழுந்ததும் பழைய கூடங்களில் இருந்தோர் அதற்குள் மாறலாம். அவர்கள் விட்டுச்சென்ற பழைய பகுதியை இடிக்கலாம். அவ்வாறு ஒழிந்த நிலத்தில் அடுத்த கட்டடத்தைத் தொடங்கலாம். பணம் தீர்ந்துபோனால் எந்தக் கட்டத்திலும் நிறுத்தலாம்; நின்ற இடத்தில் மருத்துவமனை குறைப்பட்டுக் கிடக்காது. கட்டடங்கள் சுவரால் இணைந்த ஒரே மாளிகையாக இருந்திருப்பின் இது கைகூடியிருக்காது. கட்டடங்களுக்கு இடையே ஆண்டுக்கணக்கில் இடைவெளி விழுந்தபோதும் திட்டம் சிதையாமல் நின்றதற்கு இவ்வமைப்பே துணைநின்றது.

முதலில் எழுந்தது நோயாளர் கூடம் அன்று

இவ்வரிசையில் வியப்பளிப்பது முதல் கட்டடமே. வடக்குக் கட்டடத்தில் நோயாளர் கூடங்கள் இல்லை. ஆட்சிக்குழு கூடும் பெருமண்டபமும் அலுவலகங்களுமே அங்கு இடம்பெற்றன. பழைய கூடங்களில் நோயாளர் நெருக்குண்டு கிடக்க, ஆட்சியாளருக்கு மண்டபம் முதலில் எழுந்தது என்று இதனைக் கண்டிப்பது எளிது. அக்கண்டனத்தில் நியாயம் இல்லாமலும் இல்லை. ஆனால் பெருமண்டபத்தின் சுவர்களில் எழுதப்பட்டவை கொடையாளர் பெயர்கள். அடுத்த மூன்று கட்டடங்களுக்கான பணத்தைத் திரட்ட வேண்டிய இடம் அது. மண்டபத்துக்கு ஏறும் படிக்கட்டுச் சுவர்களில் வில்லியம் ஹோகார்த் 1730களின் நடுவில் இரு பேரோவியங்களைக் கூலி பெறாமல் தீட்டினார்: பெதஸ்தா குளக்கரையில் காத்திருக்கும் நோயாளர், நல்ல சமாரியன். விருந்துக்கு வந்த செல்வர் இவ்வோவியங்களைக் கடந்தே மேலேற வேண்டியிருந்தது. மறுகட்டுமானத்தின் நிதித்துறை இப்படிக்கட்டில்தான் தொடங்கியது எனலாம்.

கல்லிலும் இதே கணக்கு உண்டு. பாத் நகரச் சுரங்க உரிமையாளர் ரால்ஃப் ஆலன் கல்லை வழங்கினார். தம் ஊர்க் கல்லை இலண்டன் சந்தையில் நிலைநாட்டுவது அவரது விருப்பம். அக்கல் இலண்டனின் புகைக்காற்றைத் தாங்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் போர்ட்லண்டுக் கல்லால் முகப்புகளை மீண்டும் போர்த்த நேர்ந்தது. அப்போதும் நோயாளர் உள்ளேதான் இருந்தனர்.

தூசு

இடிப்பு அந்நாளில் கடப்பாரையாலும் சம்மட்டியாலும் கூரையிலிருந்து கீழ்நோக்கி நடந்தது. நூற்றாண்டுக் காரையும் உளுத்த மரமும் தூளாகின. மயக்க மருந்து 1846இல்தான் அறுவை மருத்துவத்தில் நிலைபெறத் தொடங்கியது என்பதால், அறுவைக்குட்பட்டோர் முழு உணர்வோடு இருந்த காலம் இது. புகழ்பெற்ற அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட் 1740களிலிருந்து 1787 வரை இங்குப் பணியாற்றினார். மேற்கும் கிழக்கும் எழுந்த ஆண்டுகள் அவரது பணிக்காலத்தில் அடங்கும். புகைபோக்கி துடைப்போரின் விரைப்பைப் புற்றுநோய்க்குக் கரியே காரணம் என 1775இல் எழுதியவர் அவர். தூளால் நோய் வரும் என்பதைத் தொழில்சார்ந்து முதலில் காட்டியவர்களுள் ஒருவர், தம் காலத்தின் பெரும்பகுதியைக் கட்டுமானத் தூசின் நடுவே கழித்தார்.

இடிபாட்டுத் தூசில் ஆஸ்பர்ஜில்லஸ் என்னும் பூஞ்சையின் வித்துகள் மிதக்கும். இரண்டு முதல் மூன்றரை மைக்ரான் அளவேயான அவை நுரையீரலின் ஆழம்வரை செல்ல வல்லவை; நலமுள்ளோரைப் பெரும்பாலும் வருத்தா, எதிர்ப்பாற்றல் குன்றியோரைக் கொல்லக்கூடும். இப்பூஞ்சைக்கு இத்தாலியத் தாவரவியலாளர் மிக்கேலி பெயரிட்டது 1729இல், அதாவது கிப்ஸின் முதல் கல் இடப்படுவதற்கு ஓராண்டு முன்பு. கோயிலில் புனித நீர் தெளிக்கும் கருவியின் வடிவம் அதில் தெரிந்ததால் அப்பெயர் வந்தது. கட்டட வேலைக்கும் மருத்துவமனைக்குள் தோன்றும் இப்பூஞ்சை நோய்க்கும் உள்ள தொடர்பு 1970களில்தான் தெளிவாக நிறுவப்பட்டது. இன்று இடிக்கும் பகுதியைத் தரை முதல் கூரைவரை தடுப்பிட்டு மூடுவதும், உள்ளே காற்றழுத்தத்தைக் குறைத்து வைப்பதும், 0.3 மைக்ரான் துகளில் 99.97 விழுக்காட்டைப் பிடிக்கும் வடிகட்டி வழியே காற்றை வெளியேற்றுவதும் அவ்வறிவின் விளைவுகள். கிப்ஸின் கட்டடங்களுக்கு இடையிலான வெற்றிடம் இவற்றுக்கு ஈடாகாது. எனினும் இடிப்பும் படுக்கையும் ஒரே சுவரைப் பகிராதபடி அது செய்தது.

மாற்று வழிகள்

வேறு இரு மருத்துவமனைகள் வேறு வழிகளை நாடின. பாரிசின் ஓத்தெல் தியு 1772 திசம்பரில் பெருந்தீக்கு இரையானது. நகருக்கு வெளியே மாற்றுவதா, பலவாகப் பிரிப்பதா என்ற வாதம் நூறாண்டு நீண்டது. ஒரே படுக்கையில் பல நோயாளர் கிடந்த அவலத்தை ஜாக் தெனோன் 1788இல் அறிக்கையாக எழுதிய பின்னரும் பழைய கட்டடமே தொடர்ந்தது. தீவின் மறுபக்கத்தில் வேறு நிலத்தில் புதியது எழுந்து 1877இல் நிறைவுற்ற பிறகே பழையது இடிபட்டது. படிப்படியாக இடிக்கும் திட்டம் கைக்கொள்ளப்படாத இடத்தில் காத்திருப்பே கொள்கையாயிற்று.

இலண்டன் புனித தாமஸ் மருத்துவமனை மூன்றாம் வழியை மேற்கொண்டது. இருப்புப்பாதைக்காக அதன் நிலத்தின் ஒரு பகுதி கோரப்பட்டபோது, ஆட்சிக்குழு முழு நிலத்தையும் வாங்குமாறு இருப்புப்பாதை நிறுவனத்தை நெருக்கி 1862இல் வெளியேறியது. 1871இல் லாம்பெத்தில் புதுக் கட்டடம் திறக்கும்வரை சரே தோட்டம் என்னும் பழைய விலங்குக் காட்சிச்சாலையில் மருத்துவமனை நடந்தது. யானைக் கொட்டகை பிணக்கூறாய்வுக் கூடமாயிற்று. அவசர வெளியேற்றத்துக்கு எதிர்பாராத பயனும் ஒன்று உண்டு: கோயிலின் பரணில் 1822இல் அமைக்கப்பட்ட பெண்களுக்கான அறுவை அரங்கு அடைபட்டுக் கிடந்து 1950களில் மீண்டும் கண்டறியப்பட்டது.

வடிவமும் கோட்பாடும்

தனித்தனிக் கட்டடங்களாக மருத்துவமனையை அமைக்கும் முறைக்குக் காற்றோட்டக் கோட்பாட்டையே மூலமாகக் கூறுவது ஆய்வு மரபு. பிளிமத் நகரின் கடற்படை மருத்துவமனை, அதனை 1787இல் நேரில் கண்ட தெனோன், பாரிசின் லாரிபுவாசியேர், பிறகு புளோரன்ஸ் நைட்டிங்கேல் என அவ்வரலாறு செல்கிறது. பர்த்தலமேயு வரைபடம் பிளிமத்துக்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் முந்தியது. கிரீனிச் முதியோர் மனையில் பிரிந்த கட்டடங்கள் முன்பே இருந்தமையால் கிப்ஸே இதனைப் புதிதாகக் கண்டார் என்பதற்கில்லை. ஆனால் இயங்கும் மருத்துவமனையில் பிரிப்பு எதற்காகத் தேவைப்பட்டது என்பதற்குப் பர்த்தலமேயு தரும் விடை காற்றைப் பற்றியதாக மட்டும் இருக்க இயலாது. பணமும் இடிப்பு வரிசையும் வகுத்த ஒரு வடிவத்துக்குப் பின்வந்த மருத்துவம் தன் காரணத்தைச் சேர்த்தது எனக் கொள்வது பொருந்தும்.

1935இல் கிப்ஸின் தெற்குக் கட்டடம் இடிக்கப்பட்டு, அவ்விடத்தில் ஐந்தாம் ஜார்ஜ் பெயரிலான கட்டடம் 1937இல் திறக்கப்பட்டது. இரு நூற்றாண்டுக்கு முன் கட்டுவதற்காக விடப்பட்ட மூலை இடைவெளிகள் இம்முறை இடிப்பதற்குப் பயன்பட்டன. வடக்கும் மேற்கும் கிழக்கும் இன்றும் நிற்கின்றன.