சி டிரைவை நிரப்புவது எது? பருமனும் வளர்ச்சியும்

விண்டோஸ் சர்வரில் சி டிரைவின் பட்டை சிவப்பானதும் நிர்வாகிகளின் சந்தேகம் முதலில் விழுவது வின்எஸ்எக்ஸ்எஸ் கோப்புறை மீது. எக்ஸ்ப்ளோரர் அதற்குப் பல ஜிபி கணக்குச் சொல்லும், கண்ணை உறுத்தும். ஆனால் வட்டு நிரம்பியதற்கான காரணத்தைப் பருமனில் தேடுவதே பிழை என்பது இக்கட்டுரையின் வாதம். தேட வேண்டியது வளர்ச்சியை. எது நாள்தோறும் வளர்கிறது, அதற்கு எல்லை வகுத்த நிரல் எது, அப்படி ஒன்று உண்டா என்பவையே கேள்விகள்.

வின்எஸ்எக்ஸ்எஸ் மீதான வழக்கையே எடுத்துக்கொள்ளலாம். விஸ்டா, சர்வர் 2008 காலத்திலிருந்து இயங்குதளத்தின் கூறுகள் அங்குதான் தங்குகின்றன. சிஸ்டம்32-இல் தெரியும் கோப்புகளில் பெரும்பாலானவை அவற்றுக்கான ஹார்ட் லிங்க்குகள்: தரவு ஒன்று, பெயர் இரண்டு. ஒரே நிலத்துக்கு இரண்டு பட்டா இருந்தால் ஏக்கர் கூடிவிடாது. எக்ஸ்ப்ளோரரோ இரண்டையும் கூட்டிவிடுகிறது. சர்வர் 2012 ஆர்2 முதல் டிஸம் கருவியில் உள்ள ‘அனலைஸ் காம்போனென்ட் ஸ்டோர்’ கட்டளை, எக்ஸ்ப்ளோரர் சொல்லும் அளவையும் உண்மை அளவையும் தனித்தனியே தருகிறது. அந்த உண்மை அளவிலும் விண்டோஸுடன் பகிர்ந்துகொண்ட பகுதி தனி வரியாக வரும். அதில் கைவைத்தால் சர்வரே எழுந்திருக்காது.

மிஞ்சுவது புதுப்பிப்புகள் விட்டுச்சென்ற பழைய பதிப்புகள். விண்டோஸே வைத்திருக்கும் திட்டமிட்ட பணி 30 நாள் பொறுத்திருந்து அவற்றை நீக்குகிறது; ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடினால் பாதியில் நின்றுவிடும். டிஸம் வழியே நிர்வாகி தாமே ஏவினால் இந்த இரண்டு கட்டுப்பாடும் இல்லை. ‘ரீசெட்பேஸ்’ சேர்த்தால் இன்னும் இடம் கிடைக்கும், ஆனால் அதுவரை நிறுவிய எந்தப் புதுப்பிப்பையும் பிறகு கழற்ற முடியாது. இங்கே அழிவது குப்பை அல்ல, பின்வாங்கும் வழி.

இதைவிட ஆபத்தானது விண்டோஸுக்குள் மறைந்திருக்கும் இன்ஸ்டாலர் கோப்புறை. அதிலுள்ளவற்றை அழித்தால் அன்று ஒன்றும் ஆகாது. பல மாதம் கழித்து ஒரு மென்பொருளுக்குத் திருத்தம் போடும்போதோ அதை நீக்கும்போதோ பழைய கோப்பைக் கேட்டு வேலை நின்றுபோகும். அழித்தவர் அப்போது வேறு வேலைக்கே போயிருக்கலாம்.

உண்மையான குற்றவாளிக்கு ஓர் எடுத்துக்காட்டு, சர்வர் 2008 ஆர்2 நிர்வாகிகள் பலர் பட்டறிந்தது. புதுப்பிப்புகளைப் பதிவுசெய்யும் சிபிஎஸ் லாக் பெருத்ததும் விண்டோஸ் அதைப் பெயர்மாற்றி, மேக்கேப் நிரலால் சுருக்க முயலும். லாக் 2 ஜிபியைத் தாண்டிவிட்டால் மேக்கேப் தோற்கும்; தோற்றபின் தன் தற்காலிகக் கோப்பை டெம்ப் கோப்புறையிலேயே விட்டுப்போகும். மறுபடி முயலும், மறுபடி தோற்கும், இன்னொரு கோப்பு சேரும். டெம்பை மட்டும் துடைப்பவருக்கு அது மீண்டும் நிரம்புவதே மிச்சம். விண்டோஸ் மாட்யூல்ஸ் இன்ஸ்டாலர் சேவையை நிறுத்திவிட்டு, மூலகாரணமான அந்தப் பெரிய லாகை அகற்றினால்தான் ஓயும்.

இணையதளங்களை இயக்கும் ஐஐஎஸ் நிரலின் கதை இவ்வளவு சுவையானதல்ல. இயல்பமைப்பில் ஒவ்வொரு தளத்துக்கும் நாளுக்கொரு லாக் எழுதும், ஒன்றையும் அழிக்காது. அதே விண்டோஸில் ஈவென்ட் வியூவரின் சிஸ்டம் லாக் இயல்பாக 20 எம்பியில் நின்று, பழையதன்மேல் புதியதை எழுதிக்கொள்கிறது. ஈவென்ட் லாகால் சி டிரைவ் நிரம்பியதாகப் பேச்சு எழுவது அரிது. எழுதுபவரிடமே எல்லையும் இருப்பதுதான் இரண்டுக்கும் வேறுபாடு.

வட்டு மலிவு, மெய்நிகர் கணினியில் நாலு கிளிக்கில் பெரிதாக்கிவிடலாமே என்ற எதிர்வாதத்தில் பாதி நியாயம் உண்டு. மைக்ரோசாஃப்ட் விதித்த குறைந்தபட்ச அளவு 32 ஜிபி. அதை ஒட்டியே சி டிரைவை ஒதுக்கிவிட்டு, பிறகு நிர்வாகியைத் துடைப்பத்துடன் ஓடவிடுவது கஞ்சத்தனம். அங்கே பெரிதாக்குவதே சரி. ஆனால் சர்வர் 2022-இல் மீட்புப் பகிர்வு சி டிரைவுக்கு அடுத்தே அமைகிறது. வட்டின் கடைசியில் சேர்த்த இடம் சி-யை ஒட்டி வராததால் ‘எக்ஸ்டெண்ட் வால்யூம்’ மங்கலாகவே நிற்கும். மீட்புப் பகிர்வை நகர்த்தவோ அழித்து மீண்டும் அமைக்கவோ வேண்டும். அதையும் செய்து முடித்த பிறகு எல்லையில்லாத லாக் ஒன்று உள்ளே ஓடிக்கொண்டிருந்தால், புதிய இடத்தையும் அது தின்னத் தொடங்கும்.