எந்த வீரபாண்டியன்?

2022 அக்டோபரில், 'பொன்னியின் செல்வன்' முதல் பாகம் வெளியாகி ஒரு வாரம் கழித்து, அப்பத்தாவைத் தேனியில் ஒரு தியேட்டருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அதற்குச் சில மாதம் முன்புதான் அவளுக்குக் கண்ணில் புரை எடுத்திருந்தது. புதுக்கண்ணால் பார்க்கிற முதல் படம். யானை, குதிரை, கோட்டை எல்லாவற்றையும் குழந்தை மாதிரி வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தவள், அந்தக் குடிசைக் காட்சி வந்ததும் என் மணிக்கட்டைப் பிடித்தாள். காயம்பட்டுக் கிடக்கிறார் நாசர். நந்தினி கெஞ்சுகிறாள். ஆதித்த கரிகாலன் வாளை ஓங்குகிறான்.

"ஏய்யா, அது யாரு?"

"பாண்டிய ராசா அப்பத்தா. வீரபாண்டியன்."

"நம்ம ராசாவையா வெட்டுறான்?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். "அது வேற ராசா" என்று அவசரத்தில் சொல்லி வைத்தேன். படம் முடியும்வரை அவள் ஒன்றும் பேசவில்லை.

எங்கள் ஊர் வீரபாண்டி. தேனியிலிருந்து கம்பம் போகிற சாலையில், முல்லையாற்றங்கரையில் இருக்கிறது. வீரபாண்டியன் என்ற அரசன் பார்வை இழந்து இங்கே வந்தான். ஒரு கண்ணைக் கௌமாரி கொடுத்தாள், மறு கண்ணைக் கண்ணீஸ்வரமுடையார் கொடுத்தார். அவன் பெயரே ஊருக்கு நின்றது என்பது எங்கள் கோயில் கதை. கண் நோவு வந்தவர்கள் இன்றும் கண்மலர் வாங்கி அம்மனுக்குச் செலுத்துகிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முதல் நாள் அப்பத்தாவும் நேர்ந்துகொண்டாள். ஆகவே திரையில் வெட்டுப்பட்டவன் அவளுக்கு ஏதோ ஒரு பாண்டியன் இல்லை. தன்னைப்போலவே கண் கேட்டு வந்து நின்றவன்.

நான் சொன்ன பதில் சரிதானா என்று பிறகுதான் தேடிப் படித்தேன்.

படத்தில் அந்தக் கொலைக்குக் காரணம் காதல். கரிகாலனும் நந்தினியும் சிறுவயதில் பிரிக்கப்பட்டவர்கள். போர்க்களத்திலிருந்து எதிரியைத் துரத்தி வருகிறவன் அவளை எதிரியின் அருகில் பார்க்கிறான். பொறாமை வாளை ஓங்க வைக்கிறது. அந்த ஒரு வெட்டிலிருந்துதான் பழிவாங்கல், சதி, கரிகாலனின் சாவு எல்லாம் கிளைக்கின்றன. 1950இல் தொடராக எழுதத் தொடங்கிய கல்கியின் கற்பனைதான் நந்தினி. எந்தக் கல்வெட்டிலும் அவள் கிடையாது.

கல்வெட்டில் இருப்பது தலை மட்டும்தான். 'பாண்டியன் தலைகொண்ட கோப்பரகேசரி' என்பது ஆதித்தனின் பட்டம். ஆனைமங்கலச் செப்பேடு, சேவூர்ப் போரில் அவன் வீரபாண்டியனோடு யானையோடு மோதும் சிங்கக்குட்டி போல விளையாடினான் என்கிறது. அரை நூற்றாண்டு கழித்து ராஜேந்திரன் காலத்தில் எழுந்த திருவாலங்காட்டுச் செப்பேடு, பாண்டியனைக் கொன்று அவன் தலையைத் தன் நகரில் வெற்றித்தூணாக நட்டான் என்கிறது. வேடிக்கை என்னவென்றால், அந்த வெற்றிக்கு ஆதித்தன் மட்டும் சொந்தக்காரன் இல்லை. தொண்டை மண்டலத்துக் கல்வெட்டுகளில் பார்த்திவேந்திரவர்மன் என்பவனும் 'வீரபாண்டியன் தலைகொண்ட' என்று போட்டுக்கொள்கிறான். (இவனும் ஆதித்தனும் ஒருவரே என்று வாதிட்ட அறிஞர்களும் உண்டு.) வீரபாண்டியனை வென்றதாகக் கொடும்பாளூர்ப் பூதி விக்கிரமகேசரியின் மூவர்கோயில் கல்வெட்டும் சொல்கிறது. ஒரே கழுத்துக்கு இத்தனை வாள்.

படம் சொல்லாமல் விட்ட ஒன்று இதைவிட முக்கியம். அந்த வீரபாண்டியனுக்கும் ஒரு பட்டம் இருந்தது: 'சோழன் தலைகொண்ட கோவீரபாண்டியன்'. தென்பாண்டி நாட்டில் இந்தப் பெயரில் கல்வெட்டுகள் நிறைய. 949இல் தக்கோலத்தில் ராஷ்டிரகூடர்களிடம் சோழர் தோற்று, பட்டத்து இளவரசன் ராஜாதித்தன் யானை மேலேயே மடிந்த பிறகு, சோழப்பிடி தளர்ந்த காலம் அது. சுமார் இருபது ஆண்டு இவன் தெற்கில் தனியரசனாக இருந்தான். இவன் தலை கொண்ட சோழன் யார் என்பதில் ஆய்வாளர்களுக்குள் ஒத்த கருத்தில்லை. ஆனால் தலைக்குத் தலை என்ற கணக்கு ஆதித்தனுக்கு முன்பே தொடங்கிவிட்டது. குடிசையில் கிடக்கும் கிழவராக மட்டும் அவனைக் காட்டும்போது இந்தக் கணக்கு அழிந்துபோகிறது. பார்வையாளன் கரிகாலனின் மனவலிக்குள் போகிறான்; பாண்டியன் அந்த வலிக்கு ஒரு சாக்கு, அவ்வளவுதான்.

'தலை கொண்ட' என்றால் உண்மையில் வெட்டியதாகவே பொருளா என்ற கேள்வியும் இருக்கிறது. இரு நூற்றாண்டு கழித்து மூன்றாம் குலோத்துங்கன் 'பாண்டியன் முடித்தலையும் கொண்டருளிய' என்று பட்டம் சூடினான். அந்தப் பாண்டியன் பெயரும் வீரபாண்டியன்தான். ஆனால் அவன் சாகவில்லை. வந்து சோழனின் காலில் விழுந்தான், முடியணிந்த தலைமேல் சோழன் கால் வைத்தான், பிறகு அனுப்பிவிட்டான். அங்கே தலை கொள்வது என்பது தலையை மிதிப்பது. பத்தாம் நூற்றாண்டு வீரபாண்டியன் விஷயத்தில் திருவாலங்காட்டுச் செப்பேடு கொன்றதாகவே சொல்கிறது என்பதால் நான் அதை நம்புகிறேன். ஆனால் அதுவும் வென்றவர் வீட்டு ஏடு.

தோற்றவர் வீட்டு ஏடு எங்கே என்று பார்த்தால், அது எங்கள் பள்ளத்தாக்கிலேயே கிடைத்திருக்கிறது. வீரபாண்டியிலிருந்து பஸ்ஸில் தெற்கே போனால் சிறிது நேரத்தில் சின்னமனூர். அங்கே கிடைத்த பெரிய செப்பேடு ராஜசிம்ம பாண்டியனுடையது. பாண்டியர்கள் மகாபாரதத்தைத் தமிழில் ஆக்கியதையும் மதுரையில் சங்கம் வைத்ததையும் பெருமையாகச் சொல்கிற ஏடு. அதை வெட்டிய சில ஆண்டுகளில் பராந்தக சோழன் மதுரையைப் பிடித்துவிட்டான். ராஜசிம்மன் மணிமுடியை எடுத்துக்கொண்டு ஈழத்துக்கு ஓடினான்; அங்கே படை உதவி கிடைக்காமல், முடியை விட்டுவிட்டு, தாய் வீடான சேர நாட்டுக்குப் போனான். அந்த முடியை ராஜேந்திரன் ஈழத்திலிருந்து எடுத்துவர ஒரு நூற்றாண்டு ஆயிற்று. நாடு போய், முடி போய், அந்நியன் வாசலில் நின்ற ஓர் அரசன். அவனுக்குப் பின் எழுந்து வந்த வீரபாண்டியன். யாராவது படமெடுத்தால் நான் முதல் ஆளாய்ப் போவேன். அதற்கு நந்தினிகூடத் தேவைப்படாது.

சரி, எங்கள் ஊர் ராசா இவனா? வீரபாண்டியன் என்ற பெயரில் பல பாண்டியர்கள். பத்தாம் நூற்றாண்டில் இவன், பன்னிரண்டில் குலோத்துங்கன் காலில் விழுந்தவன், பதிமூன்றில் ஈழத்தின் மேல் படையெடுத்தவன், 1310இல் சகோதரன் சுந்தரபாண்டியனோடு சண்டையிட்டு அடுத்த ஆண்டே மாலிக் காபூர் படையைச் சந்தித்தவன். எங்கள் கோயில் கதையில் போரும் இல்லை, சோழனும் இல்லை. அரசு இழந்த ஒருவனின் நினைவுதான் கண் இழந்த கதையாக மாறியது என்று எழுத எனக்கு ஆசைதான். ஆனால் ஆதாரமில்லாமல் எழுதினால் கல்கி செய்ததைத்தான் நானும் செய்கிறேன். அவராவது நாவல் என்று சொல்லிவிட்டுச் செய்தார்.

2023 ஏப்ரல் கடைசியில் இரண்டாம் பாகம் வந்தது. சித்திரை மாதம், கோயிலில் கம்பம் நட்டாகிவிட்டது. பொம்பளைகள் ஈரச்சேலையோடு ஆற்றிலிருந்து தண்ணீர் கொண்டுபோய்க் கம்பத்துக்கு ஊற்றிக்கொண்டிருந்தார்கள். இந்த முறை தயாராக இருந்தேன். தியேட்டருக்குக் கூப்பிட்டுவிட்டு, வெட்டுப்பட்டவன் யார், பட்டங்கள் என்ன என்று நான் படித்ததையெல்லாம் திண்ணையில் உட்கார்ந்து சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

"அப்ப அவனும் ஒருத்தன் தலைய வாங்கினவன்தானா?"

"ஆமா, அப்பிடித்தான் கல்லுல இருக்கு."

"அப்ப நீ சொன்னது சரிதான். அது வேற ராசா."

"அப்ப படத்துக்குப் போவமா?"

"நீ போய்ட்டு வா. அந்தச் சொம்ப எடு, கம்பத்துக்குத் தண்ணி ஊத்திட்டு வந்துர்றேன்."