கண்முன் நின்றும் படிக்கப்படாத கல்: அசோகர் நினைவின் வரலாறு

பண்பாட்டு மரபினை முன்னோர் வைத்துச் சென்ற சொத்து என்றும், பின்னோர் அதனை அப்படியே பெற்றுக்கொள்வர் என்றும் கருதுவது வழக்கம். வரலாற்றில் அவ்வாறு நிகழ்வது அரிது. ஒரு சமுதாயம் தன் தொன்மையிலிருந்து எதனை எடுத்துக்கொள்கிறது, எதனைக் கைவிடுகிறது, எடுத்துக்கொண்டதற்கு என்ன பெயர் சூட்டுகிறது என்பனவற்றை அந்தந்தக் காலத்தின் தேவைகளே முடிவு செய்கின்றன. இந்தியச் சூழலில் இதனை ஆராய அசோகரின் கல்வெட்டுகள் மிகப் பொருத்தமான சான்றாகும். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் பொறிக்கப்பட்ட அவற்றுள் சில, குறித்த நாள்களில் மக்களுக்குப் படித்துக்காட்டப்பட வேண்டும் என்ற ஆணையையும் தாங்கியுள்ளன. அத்தகைய கல்வெட்டுகளே ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகப் படிப்பாரின்றி நின்றன.

இதனால் அசோகர் முற்றிலும் மறக்கப்பட்டார் எனப் பொதுநூல்கள் கூறுவது திருத்தத்திற்குரியது. கிர்னார்ப் பாறையில் கி.பி. 150 அளவில் வடமொழிக் கல்வெட்டொன்றைப் பொறித்த உருத்திரதாமன், சுதர்சன ஏரியின் வரலாற்றைக் கூறும்போது சந்திரகுப்தனையும் மௌரிய அசோகனையும் பெயர் சுட்டுகிறான். அதே பாறையில் அசோகரின் ஆணைகளும் உள்ளன. எனினும் உருத்திரதாமனின் கல்வெட்டில் அசோகர் ஏரிக்குக் கால்வாய் அமைத்தவராக மட்டுமே இடம்பெறுகிறார்; அறம் உரைத்தவராக அல்லர். கர்நாடகத்தில் கனகனஹள்ளித் தூபியில் ‘ராயோ அசோகோ’ என்ற பெயர்ப்பொறிப்புடன் அவர் உருவம் கிடைத்துள்ளது. பௌத்தக் கதைகள் அவரை இலங்கைக்கும் சீனத்திற்கும் கொண்டு சென்றன. சங்கப் பாடல்கள் (அகம். 69, 251, 281, புறம். 175) மோரியரை அறியும், அசோகரைப் பெயரால் அறியா. நினைவு இருந்தது. ஆனால் கல் வேறு, கதை வேறு எனப் பிரிந்து நின்றது.

படிக்க இயலாத கல்லையும் காலந்தோறும் பயன்படுத்திக்கொண்டனர். இன்று அலகாபாத்தில் நிற்கும் தூணில் அசோகரின் ஆணைகளுக்குப் பின் சமுத்திரகுப்தனின் புகழுரையும், 1605இல் ஜஹாங்கீரின் பாரசீகப் பொறிப்பும் சேர்ந்தன. பிரோஸ் ஷா துக்ளக் (1351–1388) தோப்ராவிலிருந்து ஒரு தூணைத் தில்லிக்குக் கொணர்ந்த நிகழ்ச்சியை அபீஃப் என்னும் வரலாற்றாசிரியர் விரிவாக எழுதியுள்ளார். தூணை இலவம்பஞ்சின்மேல் சாய்த்து, நாணலும் தோலும் சுற்றி, 42 சக்கரங்கள் பூட்டிய வண்டியில் ஏற்றி, யமுனையில் படகுகளின் வழியே கொண்டுவந்தனர். எழுத்தைப் படிக்க அழைக்கப்பட்டவர்களால் அது இயலவில்லை. மக்கள் அதனை வீமனின் ஊன்றுகோல் என்றனர். சுல்தான் அதனை அழிக்கவில்லை. தன் நகருக்கு அணியாக்கிக்கொண்டார். இதனை அறியாமை என்று ஒதுக்கிவிடுதல் பொருந்தாது. பொருள் தெரியாத பழமைக்கும் மதிப்பு உண்டு என்ற உணர்வு இதில் வெளிப்படுகிறது.

1837இல் ஜேம்ஸ் பிரின்செப் இவ்வெழுத்தைப் படித்தார். சாஞ்சியின் குறுங்கல்வெட்டுகள் பல ஒரே இரண்டு எழுத்துகளில் முடிவதைக் கண்டு, அவற்றைத் ‘தானம்’ எனக் கொண்டமையே திறவுகோலாயிற்று. ஆனால் ‘தேவானாம்பியர்’ யார்? அவ்விருது இலங்கை மன்னன் திஸ்ஸனுக்கும் உரியதாதலின், பிரின்செப் முதலில் அவனையே எண்ணினார். தீபவம்சத்தைக் கொண்டு பியதசி என்பவர் அசோகரே என அதே ஆண்டில் காட்டியவர், இலங்கையில் பணியாற்றிய ஜார்ஜ் டர்னர். பிரிந்து நின்ற கல்லும் கதையும் இவ்வாறு இணைந்தன. அசோகர் என்ற பெயரே பொறிக்கப்பட்ட ஆணை 1915இல் மாஸ்கியில் கிடைத்தபோது ஐயம் அகன்றது.

மொழிபெயர்ப்பாளர் கருதத்தக்க பகுதி இனிமேல்தான் தொடங்குகிறது. எழுத்து மீண்டது; சொற்கள் பழைய பொருளோடு மீளவில்லை. ‘தேவர்க்கு உவந்தோன்’ என்ற அரச விருது பிற்கால வடமொழி இலக்கண மரபில் மூடனைக் குறிப்பதாயிற்று. காத்தியாயனர் அத்தொகையில் வேற்றுமையுருபு கெடாமையை மட்டுமே குறித்தார். 17ஆம் நூற்றாண்டினரான பட்டோஜி தீட்சிதரோ ‘மூடன் என்னும் பொருளில்’ என்று சேர்த்துரைத்தார். சமயப் பகைமையே இதற்குக் காரணம் என்பர் சிலர். விருதைச் சூட்டிய அரசர் வழக்கொழிந்தபின் அச்சொல் ஏளனத்திற்கு எளிதில் இடந்தந்திருக்கலாம் என்பதும் எண்ணத்தக்கது. ‘பாசண்டம்’ என்ற சொல்லின் நிலையும் இத்தகையதே. அசோகருக்கு அது எச்சமயப் பிரிவையும் குறிக்கும் பொதுச்சொல், பின்னர்ப் பழிச்சொல்லாயிற்று. சிலப்பதிகாரத்தின் பாசண்டச் சாத்தனை நினைவுகூர்வோர்க்கு இவ்வேறுபாடு விளங்கும். கந்தகாரில் கிடைத்த கிரேக்க மொழிபெயர்ப்பு இச்சொல்லைப் ‘பள்ளி’ என்னும் பொருள்பட வழங்குகிறது. 1958இல் அங்கு வெளிப்பட்ட இருமொழிக் கல்வெட்டில் ‘தம்மம்’ கிரேக்கத்தில் ‘இறைபற்று’ என்றும், அரமேயத்தில் ‘உண்மை’ என்றும் பெயர்க்கப்பட்டது. அசோகரின் அரசே தன் மையச்சொல்லை இரு வேறு பொருள்களில் பெயர்க்க இசைந்திருக்க, நாம் அறம், தருமம், தம்மம் என்பவற்றுள் ஒன்றே சரியென வழக்கிடுவது வேண்டாத முயற்சி.

கல்லின் சொல் தமிழகத்திலும் நெடுநாள் விளங்காதிருந்தது. இரண்டாம் பாறை ஆணை சோழர், பாண்டியர், கேரளபுத்திரர் ஆகியோருடன் கூறும் ‘சதியபுதோ’ யார் என்பதில் பல கருத்துகள் நிலவின. திருக்கோவலூருக்கு அருகிலுள்ள ஜம்பையில் 1981இல் அறியப்பட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு அப்பட்டத்தை அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயரோடு சேர்த்துக் கூறுகிறது. சதியபுத்திரர் அதியமான் மரபினரே என்பதை அறிஞர் பலர் இதனால் ஏற்றனர்.

1904–05இல் சாரநாத்தில் அகழ்ந்தெடுக்கப்பட்ட சிங்கத் தூண்முகடு 1950 ஜனவரி 26 அன்று குடியரசின் சின்னமாயிற்று. அதனடியிலிருந்த கவிழ்தாமரை விடப்பட்டது. சிங்கங்களின்மேல் இருந்த பெருஞ்சக்கரமும் இல்லை. அத்தூணின் ஆணை, சங்கத்தில் பிளவு உண்டாக்கும் துறவியர்க்கு வெள்ளாடை உடுத்தி வெளியேற்ற வேண்டும் என்று எச்சரிப்பது. அச்சொற்களும் சின்னத்திற்கு வரவில்லை. அவற்றுக்கு மாறாக முண்டக உபநிடதத் தொடர் ஒன்று, பிராமியில் அன்றித் தேவநாகரியில் அமைந்தது. தமிழ்நாட்டு அரசுச் சின்னத்தில் அதே தொடர் ‘வாய்மையே வெல்லும்’ எனப் பெயர்க்கப்பட்டபோது, உண்மை, மெய்ம்மை, வாய்மை என்னும் மூன்றனுள் நாவோடு தொடர்புடைய சொல்லே தேர்ந்தெடுக்கப்பட்டது.