மேன்டில் கட்டுதல்

கோட்டக்குப்பத்தில் எங்கள் வீட்டுப் பரணில் ஒரு பெட்ரோமாக்ஸ் இருக்கிறது. தானே புயலில் பல நாள் கரண்ட் இல்லாமல் கிடந்தபோதுதான் மாமா அதை இறக்கினார். பம்பு வாஷர் காய்ந்து விறைத்துப் போயிருந்தது. தேங்காயெண்ணெயில் ஊறவைத்தார், உயிர் வந்தது. அடுத்து மேன்டில்.

மேன்டில் என்றதும் உங்களுக்குக் கவுண்டமணிதான் நினைவுக்கு வருவார். 1984ல் வந்த 'வைதேகி காத்திருந்தாள்' படத்தில் செந்தில் சந்தேகம் கேட்டுக்கொண்டே அதைக் கையால் தொட்டு நொறுக்குவார். நாம் சிரித்துவிட்டுப் போய்விட்டோம். ஆனா செந்தில் கேட்டது நல்ல கேள்வி. ஒரு துண்டுத் துணி எரிந்து தீராமல் எப்படி வெளிச்சம் தரும்?

அது துணியே இல்லை என்பதுதான் பதில். புது மேன்டிலைச் சுருக்குப்பை மாதிரி முனையில் கட்டி, ஒரு தடவை கொளுத்திவிட வேண்டும். நூல் எரிந்து போகும். நூலில் ஊறியிருந்த உப்பு ஆக்சைடாகி, அதே வலை வடிவத்தில் சாம்பல் கூடாக நிற்கும். ஒரு விட்டில் மோதினாலே ஓட்டை விழும். "கட்டும்போது என்ன வேணா பண்ணு, கொளுத்துன பிறகு கை வைக்காதே" என்றார் மாமா. பிறகு கிண்ணத்தில் ஸ்பிரிட் ஊற்றிப் பற்றவைத்துக் குழாயைச் சூடாக்கினார். காற்றடித்ததும் மண்ணெண்ணெய் அந்தச் சூட்டுக் குழாயில் ஏறி ஆவியாகி, நிப்பிள் வழியாகச் சீறி, காற்றோடு கலந்து எரிந்தது. ஒருமுறை பற்றிக்கொண்டால் குழாயைச் சூடாக வைத்திருப்பது அந்த நெருப்பே. ஆரம்பத்துக்கு மட்டும்தான் அந்தச் சின்ன ஸ்பிரிட் சுடர். அவசரப்பட்டால் ஆவியாகாத எண்ணெய் கொப்பளித்து விளக்கே பற்றி எரியும்.

விளக்கு பெர்லினில் பிறந்தது. எர்ரிச் அண்ட் கிரேட்ஸ் கம்பெனியின் மாக்ஸ் கிரேட்ஸ் 1910 வாக்கில் கொண்டுவந்தார். பெட்ரோலியத்தோடு அவர் பேரும் சேர்ந்தது. மேன்டில் அதற்கும் முந்தியது. ஆஸ்திரிய வேதியியலாளர் கார்ல் ஆவர் ஃபான் வெல்ஸ்பாக் 1885ல் செய்த முதல் மேன்டில் பச்சை பூத்த வெளிச்சம் தந்தது, விலை போகவில்லை. 1891ல் 99 பங்கு தோரியம் ஆக்சைடு, 1 பங்கு சீரியம் ஆக்சைடு என்ற கலவையைப் பிடித்தார். ஐரோப்பியத் தெருக்கள் வெள்ளையாக ஒளிர்ந்தன.

தோரியத்துக்கு மோனசைட் மணல் வேண்டும். அது பிரேசிலிலிருந்து வந்தது, வியாபாரம் ஜெர்மானியர் பிடியில். 1909ல் ஷாம்பர்க் என்ற ஜெர்மானியர் திருவிதாங்கூர்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டார். கயிறு போன வழியே திரும்பி நடந்தால் மணவாளக்குறிச்சி! இன்றைய கன்னியாகுமரி மாவட்டம். அங்கேயே ஆலை போட்டார். முதல் உலகப்போர் வந்ததும் எதிரி நாட்டுக்காரர் என்று பிரிட்டிஷார் அவரைக் கைது செய்தார்கள், தொழில் கைமாறியது. நம் கடற்கரை மணல் கப்பலேறிப் போய், பாக்கெட்டில் அடைத்த மேன்டிலாக நம் கல்யாண ஊர்வலத்துக்கும் தெருக்கூத்துக்கும் திரும்பி வந்திருக்கிறது. இந்தக் கணக்கில் லாபம் யாருக்கு என்று சொல்லவேண்டியதில்லை.

மின்சார பல்பு மேன்டிலை ஓரங்கட்டியது. அணுகுண்டுக்குப் பிறகு அதே தோரியம் அணு எரிபொருள் கனவாக மாறியது. 1950ல் இந்திய அரிய மணல் நிறுவனம் தொடங்கப்பட்டது. இன்றும் மணவாளக்குறிச்சியில் மணல் எடுக்கிறார்கள். பக்கத்துக் கிள்ளியூர் வட்டாரத்துக்கும் விரிக்கும் திட்டத்தை 2024ல் கடலோர ஊர்கள் எதிர்த்தன. பயம் கதிர்வீச்சு பற்றியது. தோரியத்தின் அரை ஆயுள் சுமார் 1400 கோடி ஆண்டு.

மாமா பழைய மேன்டிலை ஊதித்தான் உதிர்ப்பார். அந்தத் தூளை எத்தனை வருஷம் சுவாசித்தாரோ. பாண்டிச்சேரியில் வாங்கிய புதுப் பாக்கெட்டில் தோரியம் இல்லை, இட்ரியம்தான் என்று விளக்கினேன். கட்டிக் கொளுத்தி, காற்றடித்து, கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"வெளிச்சம் பத்தலையேப்பா" என்றார்.