பெந்தெகொஸ்தே

கிரேக்கத்தில் 'ஐம்பதாவது' என்று பொருள். பஸ்காவை அடுத்து ஐம்பதாம் நாள் யூதர்கள் கொண்டாடும் அறுவடைப் பண்டிகையைக் கிரேக்கம் பேசிய யூதர்கள் இப்படி அழைத்தார்கள். எருசலேமில் அந்த நாளில் இயேசுவின் சீடர்கள்மேல் பரிசுத்த ஆவி இறங்கியதாக அப்போஸ்தலர் நடபடிகள் சொல்கிறது. ஆகவே இச்சொல் ஒரு சபைக்கு மட்டும் சொந்தமில்லை. கத்தோலிக்கரும் இந்தத் திருநாளைக் கொண்டாடுகிறார்கள்.

ஒரு கிறிஸ்தவ இயக்கத்தின் பெயராக இது பரவியது இருபதாம் நூற்றாண்டில். 1906இல் லாஸ் ஏஞ்சல்ஸின் அசுசா தெருவில் வில்லியம் சீமோர் நடத்திய எழுப்புதல் கூட்டங்கள் அதற்குப் பெரிய உந்துதல். அடிமைகளாயிருந்த பெற்றோருக்குப் பிறந்தவர் அவர். நிறவெறி உச்சத்திலிருந்த காலத்தில் கறுப்பரும் வெள்ளையரும் அங்கே சேர்ந்து ஜெபித்தார்கள். அது பலரை அதிரவைத்தது.

தமிழ்நாட்டில் பெந்தெகொஸ்தே வீட்டுப் பெண் பிள்ளைகள் பலர் பள்ளியில் சந்திக்கும் முதல் கேள்வி, "ஏண்டி கம்மல் போடல?" என்பது. காதே குத்தாத பிள்ளைக்கு என்ன பதில் தெரியும்? நகை அணியாமை, வெள்ளுடை, மருந்து மறுப்பு எல்லாம் எல்லாப் பெந்தெகொஸ்தேயருக்கும் பொது என்றே ஊரார் நினைக்கிறார்கள். கொழும்பில் தோன்றிய சிலோன் பெந்தெகொஸ்தே மிஷனின் ஊழியர்கள் வெள்ளுடை உடுத்துவார்கள், மருந்தைத் தவிர்ப்பார்கள். அசெம்பிளீஸ் ஆஃப் காட் சபையிலோ நகையணிந்து வருபவர்களும் உண்டு, மருத்துவர்களும் உண்டு.

வழிபாட்டில் பாம்பைக் கையிலெடுப்பதும் அப்படிப் பொதுவானதல்ல; அது அமெரிக்க அப்பலாச்சிய மலைப்பகுதியின் சில சிறு சபைகளின் வழக்கம். பெரும்பாலான பெந்தெகொஸ்தேயர் அதை ஏற்பதில்லை.