மைத்திரி நிலையத்தில் வளிமண்டல மின்புல அளவீடு

மைத்திரி என்பது அந்தாட்டிக்காவில் 1989 முதல் இயங்கும் இந்திய ஆய்வு நிலையம் ஆகும். இங்கு இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் வளிமண்டல மின்புலத்தை அளந்துள்ளது.

உலகெங்கும் தோன்றும் இடிமுகில்கள், தரையைவிட அயனமண்டலத்தை ஏறத்தாழ 2,50,000 வோல்ட்டு உயர்ந்த மின்னழுத்தத்தில் வைத்திருக்கின்றன. இதனால் தெளிந்த வானிலையிலும் தரையருகே மீட்டருக்குச் சுமார் 100 வோல்ட்டு மின்புலம் நிலவுகிறது. சுழலும் தகடு கொண்ட கருவி இதனை அளக்கிறது.

தொழில் நகரங்களில் புகையும் தூசியும் காற்றின் மின்கடத்துதிறனைக் குறைத்து அளவீட்டைத் திரிக்கின்றன. அந்தாட்டிக்காவில் இவை மிகக் குறைவு. ஆயினும் காற்றில் பறக்கும் பனித்துகள்கள் மின்னேற்றம் பெறுவதால், அமைதியான நாட்களின் பதிவுகளே ஆய்வுக்கு ஏற்றவை.

உலக இடிமுகில்களின் மொத்தச் செயற்பாட்டைக் காட்டும் மின்புலம், அனைத்துலக நேரம் 19 மணியளவில் உச்சமடையும். கார்னெகி ஆய்வுக்கப்பலின் பயணங்களில் அறியப்பட்ட இவ்வியல்புடன் ஒப்பிட்டே துருவப் பதிவுகள் மதிப்பிடப்படுகின்றன.